பூனைக்கு முகம் துடிக்குது, வாய் இழுக்குது, வலிப்பு வருது: வன்னியில எங்கட ஆக்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

எங்கட வீடு விசுவமடுப் பக்கம். எங்கட சீனி, வெள்ளைப் பெட்டைப் பூனை, ஒருநாள் பின்னேரம் விறாந்தையில படுத்திருக்கேக்க வலது காது மட்டும் டிக் டிக் எண்டு துடிச்சுது, இலையான் இருக்குதாக்கும் எண்டு நான் கையால விசுக்கினன், இலையான் இல்லை. பேந்து மீசை துடிச்சுது, பேந்து கன்னம், ஒரு மணித்தியாலத்துக்குள்ள முழு உடம்பும் நடுங்கி விழுந்திட்டுது. அண்டைக்கு எனக்கு ஒண்டும் தெரியாது. அதுக்குப் பிறகு மிருக வைத்தியர்மாரிட்டக் கேட்டும் வாசிச்சும் தெரிஞ்சுகொண்டதை, என்னட்ட வந்து கேட்கிற ஆக்களுக்குச் சொல்லிச் சொல்லி, இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதி வைக்கிறன். முகம் துடிக்கிறது ஒரு வருத்தத்தின்ர பேரில்லை, அது ஒரு அடையாளம். என்ன திண்டது, மேல என்ன பட்டது, எப்ப தொடங்கினது எண்டு தேடினால்தான் காரணம் பிடிபடும்.

அக்கா, எங்கட பூனை நித்திரையில முகத்தைத் துடிக்கப் பண்ணுது, காலையும் உதறுது. வலிப்போ?

பெரும்பாலும் இல்லை. பூனை ஆழ்ந்த நித்திரையில கனவு காணுற நேரம் மீசை, உதடு, கண்மடல், காது, பாதம் எல்லாம் துடிக்கும், குட்டிகளுக்கு இன்னும் கூட. மெல்லமாப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. கண்ணைத் திறந்து உங்களைப் பாத்து, நெட்டி முறிச்சுப்போட்டுத் திரும்பப் படுத்தால் அது கனவு. கூப்பிடவும் எழும்பேல்லை, உடம்பு விறைச்சிருக்கு, வாயால வீணி வடியுது, படுத்த இடத்திலயே மூத்திரம் போயிட்டுது எண்டால் அது வேற கதை.

மதிலில இருக்கிற புலுனியைப் பாத்துக் கீழ்த்தாடையை ‘கெக் கெக்’ எண்டு அடிக்கிறதும் வருத்தமில்லை, அது வேட்டை ஆசை.

அப்ப வலிப்பு எண்டால் எப்பிடி இருக்கும்? விழுந்து கையைக் காலை அடிக்கிறதுதானே வலிப்பு?

அதுவும் வலிப்புத்தான், ஆனா பூனைக்கு அது மட்டும் எண்டு நினைச்சால் நிறைய விசயம் தவறிப்போயிடும். மூளையின்ர ஒரு சின்னப் பகுதியில மட்டும் கோளாறு வந்தால் அந்தப் பகுதி பாக்கிற உறுப்பு மட்டும் துடிக்கும், பூனைக்கு இப்பிடிப் பகுதி வலிப்பு வாறது சாதாரணம். ஒரு பக்க உதடு சுண்டிச் சுண்டி இழுக்கும், ஒரு கண்மடல் அடிக்கும், மீசை ஒரு தாளத்தில முன்னும் பின்னும் போகும், வாய் எதையோ சப்புற மாதிரி அசையும், நாடி நனையிற அளவுக்கு வீணி வரும். சிலது ஒரு இடத்தைப் பாத்தபடி கல்லு மாதிரி இருக்கும், சிலது ஒண்டும் துரத்தாமலே வெருண்டு ஓடிச் சுவரில மோதும்.

இதில கவனிக்கவேண்டியது ரெண்டு. ஒண்டு, துடிப்பு ஒரே மாதிரித் திரும்பத் திரும்ப வருதோ எண்டது. வலிப்பு எண்டால் ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் அதே பக்கம், அதே ஒழுங்கில வரும். மற்றது, முடிஞ்ச பிறகு பூனை எப்பிடி இருக்கு எண்டது. வலிப்பு முடிஞ்ச கையோட கண் தெரியாத மாதிரிக் கதிரைக் காலில முட்டும், வளவைச் சுத்திச் சுத்தி நடக்கும், பேய்ப்பசியில சாப்பிடும், சிலது சொந்தக்காரரையே தெரியாமச் சீறும். இது கொஞ்ச நேரத்தில இருந்து ஒரு நாள் மட்டும் நிக்கலாம். வாயில முள்ளு குத்தினதோ காதுக்குள்ள பூச்சியோ எண்டால் இப்பிடிக் குழப்பம் இராது.

வலிப்பு வந்த நேரம் கையில இரும்பு குடுக்கச் சொல்லினம், முகத்தில தண்ணி அடிக்கச் சொல்லினம். செய்யலாமோ?

வேண்டாம். மனிசருக்கு வந்தாலே திறப்புக் கோர்வையைக் கையில திணிக்கிறது எங்கட ஊர் வழக்கம், அதால வலிப்பு நிண்டதில்லை, அது தானா நிக்கிற நேரத்தில நிக்குது. பூனையின்ர வாய்க்குள்ள விரலோ கரண்டியோ வைக்காதேங்கோ. பூனை நாக்கை விழுங்காது, ஆனா உங்கட விரல் எலும்பு வரைக்கும் கடிபடும், அது தெரிஞ்சு செய்யிற கடியில்லை.

செய்யவேண்டியது இவ்வளவுதான். லைட்டை நிப்பாட்டுங்கோ, ரேடியோ ரீவியை நிப்பாட்டுங்கோ, சின்னப் பிள்ளையளையும் நாயையும் வெளியில அனுப்புங்கோ. கிணத்துக்கட்டு, படி, அடுப்பு மாதிரி விழுந்தாலோ முட்டினாலோ ஆபத்தான இடத்தில கிடந்தால் ஒரு துவாயால பிடிச்சு இழுத்துத் தரையில விடுங்கோ. அமத்திப் பிடிக்காதேங்கோ. மணிக்கூட்டைப் பாருங்கோ. மற்றாளிட்டப் போனைக் குடுத்து வீடியோ எடுக்கச் சொல்லுங்கோ, பூனை சாகப்போகுது நீ படம் எடுக்கிறியோ எண்டு வீட்டில ஏசுவினம், பரவாயில்லை, எடுங்கோ. நீங்கள் வைத்தியரிட்டப் போய்ச் சேரேக்க பூனை ஒண்டும் நடக்காத மாதிரி இருக்கும், அப்ப கையில இருக்கிற சாட்சி அந்த வீடியோ மட்டும்தான்.

வலிப்பு நிண்டு பூனை வடிவா எழும்பி நடக்கிற மட்டும் பால், தண்ணி, தேங்காய்ப்பால் ஒண்டும் பருக்கக்கூடாது. விழுங்கத் தெரியாத நேரம் ஊத்தினால் அது நெஞ்சுக்குள்ளதான் போகும்.

எவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருக்கலாம்?

ஒரு வலிப்பு பொதுவா ரெண்டு நிமிசத்துக்குள்ள அடங்கிடும். 5 நிமிசம் தாண்டினாலோ, 24 மணித்தியாலத்துக்குள்ள ரெண்டு மூண்டு தரம் வந்தாலோ, ஒண்டு முடிஞ்சு தெளியமுதல் அடுத்தது வந்தாலோ, இரவெண்டும் பாக்காம வெளிக்கிடுங்கோ. நீண்ட வலிப்பில உடம்புச் சூடு ஏறி மூளை பழுதாகும்.

நாய்க்குப் போடுற தெள்ளு மருந்தைப் பூனைக்கும் போடலாமோ? சின்னத் துளிதானே?

இதுக்குக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லுவன், ஏனெண்டா சீனிக்கு நடந்தது இதுதான்.

வெளிநாட்டில இருந்து வந்த சொந்தக்காரர் எங்கட நாய்க்கு எண்டு கழுத்தில ஊத்துற மருந்து ஒரு பெட்டி தந்திட்டுப் போனவை. நாய்க்கு நல்லா வேலை செய்தது. மிச்சத்தில நாலைஞ்சு துளி சீனிக்கும் விட்டன், அதுக்கும் தெள்ளு இருந்தது. காலமை விட்டது, பின்னேரம்தான் அந்தக் காதுத் துடிப்பு. பெட்டியில பூனைக்குப் போடக்கூடாது எண்டு ஒரு பூனைப் படத்துக்குக் குறுக்கால கோடு கீறி இருந்தது, நான் அதைப் பாக்கேல்லை.

அந்த மருந்துக்குள்ள இருக்கிறது பெர்மெத்ரின். நாயின்ர ஈரல் அதை உடைச்சு வெளியேத்தும், பூனையின்ர ஈரலுக்கு அந்த வேலையைச் செய்யிற நொதியம் போதாது. அதால மருந்து உடம்புக்குள்ள நிண்டு நரம்புகளை ஓயவிடாமத் தூண்டிக்கொண்டே இருக்கும். முதல் காதும் முகமும் துடிக்கும், தோல் சிலிர்க்கும், பாதத்தைப் பாதத்தை உதறும், பேந்து நடுக்கம், பேந்து வலிப்பு. சில மணித்தியாலத்தில தொடங்கும், சிலதுக்கு ஒரு நாளுக்குப் பிறகும் தொடங்கும். மருந்து போட்ட நாயோட ஒட்டிப் படுத்த பூனைக்கும், அந்த நாயை நக்கின பூனைக்கும் வரலாம்.

இப்பிடி நடந்தால் முதல் வேலை கழுவுறது. பாத்திரம் கழுவுற லிக்குயிட் போட்டு, இளஞ்சூட்டுத் தண்ணியில, மருந்து பட்ட இடத்தை நுரை வர ரெண்டு மூண்டு தரம். சுடுதண்ணி வேண்டாம், அது மருந்தைத் தோலுக்குள்ள இன்னும் இழுக்கும். பச்சைத் தண்ணியிலயும் குளிப்பாட்டி விறைக்க விடாதேங்கோ, உடம்பு குளிர்ந்தால் இந்த நஞ்சின்ர வேகம் கூடும். கழுவி, துவாயால ஒத்தி, சுத்திக்கொண்டு நேர வைத்தியரிட்ட. ஏற்கெனவே வலிப்பு அடிச்சுக்கொண்டிருந்தால் கழுவிக்கொண்டு நிக்காம ஓடுங்கோ.

நாங்கள் சீனியை மரக்கறிக் கூடையில வைச்சு, மேல ஒரு சாரத்தைக் கட்டி, மோட்டச்சைக்கிளில கொண்டுபோனது. ஊசி போட்டு சேலைன் ஏத்தினவை. ரெண்டு இரவு நடுங்கினது. மூண்டாம் நாள் காலமை கூடைக்குள்ள எழும்பி நிண்டு தன்ர முதுகை நக்கப் பாத்தது, நக்க விடாம நான் பிடிச்சுக்கொண்டு அழுதன். இதுக்கு மாற்று மருந்து எண்டு தனியா ஒண்டு கிடையாது, நடுக்கத்தை அடக்கி உடம்பு நஞ்சை வெளியேத்துற மட்டும் காப்பாத்தி வைக்கிறதுதான் வைத்தியம், நேரத்துக்குப் போனால் பெரும்பாலும் தப்பும்.

வயலுக்கு மருந்தடிக்கிற காலத்தில பூனையள் இழுத்துக்கொண்டு வந்து விழுகுது. என்ன நடக்குது?

காலபோகமும் சிறுபோகமும் ரெண்டிலயும் இது இருக்கு. பூனை நேர மருந்தைக் குடிக்காது, மருந்தில நனைஞ்ச காலை நக்கும், மருந்து திண்ட எலியையோ பூச்சியையோ திண்ணும். மூண்டு வகை நஞ்சை எங்கட பக்கம் வேறுபடுத்திப் பாக்கத் தெரிஞ்சிருக்கோணும்.

பூச்சிமருந்து, முக்கியமா ஓகனோபொஸ்பேற், காபமேற் வகை: வாயால கண்ணால நீர் ஒழுகும், கழிச்சல், மூச்சுக் கரகரக்கும், கண்மணி பெரும்பாலும் ஊசித்துவாரம் மாதிரிச் சுருங்கும், முகத்திலயும் தோளிலயும் தசை புழு நெளியிற மாதிரித் துடிக்கும். மனிசருக்கு மருந்து குடிச்சால் ஆஸ்பத்திரியில போடுற அதே அற்றோபின் ஊசி இதுக்கும் உதவும், கெதியாப் போனால். மிக மோசமான ஓகனோபொஸ்பேற் வகையள் எங்கட நாட்டில 1995 ஓட தடை, எண்டோசல்பான் 1998 இல தடை, ஆனா மிச்சம் இருக்கிறதே பூனை மாதிரி மூண்டு நாலு கிலோ உடம்புக்குக் காணும். வெறுங்கையால தூக்காதேங்கோ, உங்கட தோலாலயும் ஏறும்.

எலிக்கு வைக்கிற சிங்க் பொஸ்பைட்: வயித்துக்குள்ள போய் வாயுவா மாறும், வாந்தியில உள்ளி மாதிரி, சிலநேரம் அழுகின மீன் மாதிரி மணம் வரும். அந்த வாயு உங்களுக்கும் நஞ்சு. மூடின வானுக்குள்ள கொண்டு போகாதேங்கோ, ஓட்டோ நல்லது, காத்து வரும். மற்றது மழைக்குப் பிறகு தோட்டத்தில போடுற நத்தை மருந்து, அதில மெட்டல்டிஹைட் இருந்தால் கடும் நடுக்கமும் காய்ச்சலும் வரும்.

போத்தலையோ பைக்கற்றையோ கையோட கொண்டுபோங்கோ, பேர் தெரியாட்டி லேபிளைப் படம் எடுத்தாவது காட்டுங்கோ. உப்புத் தண்ணி பருக்கிச் சத்தி எடுக்க வைக்கிறது இன்னும் சில வீடுகளில நடக்குது, உப்பே பூனையைக் கொல்லும்.

தேரையைக் கவ்விப்போட்டு வாயால நுரை தள்ளுது?

மழை நாளில கனபேர் இதுக்கு வெருளுவினம். தேரையின்ர தோலில இருக்கிற பாலால வாய் எரிஞ்சு வீணி ஒழுகும். தலையைக் கீழ சரிச்சு, ஈரத் துணியால முரசையும் நாக்கையும் துடைச்சு விடுங்கோ. பெரும்பாலும் அதோட அடங்கும். நடை தள்ளாடினாலோ துடிப்பு வந்தாலோ கொண்டுபோங்கோ.

நாங்கள் கரையில இருக்கிறம், பூனைக்கு எப்பவும் பச்சை மீன்தான். மீனால நரம்பு வருத்தம் வருமோ?

வரும். சொன்னால் சனம் நம்புறேல்லை, பூனைக்கு மீன் எண்டுதானே நாங்கள் எல்லாரும் வளந்தது.

நெத்தலி, சூடை மாதிரிச் சின்ன மீன்கள் பலதிலயும், குளத்துக் கெண்டை வகையிலயும், குடல் கழிவுகளிலயும் தயமினேஸ் எண்டொரு நொதியம் இருக்கு. அது விற்றமின் பி1 ஐ அழிக்கும். பூனைக்கு அந்த பி1 நாயை விடக் கூடத் தேவை, உடம்பில சேர்த்து வைக்கிறதும் குறைவு. ஒரு நாள் ரெண்டு நாள் பச்சை மீன் குடுத்தால் ஒண்டும் செய்யாது. வாரக்கணக்கில அது மட்டுமே சாப்பாடு எண்டால் மூளையில பாதிப்பு வரும்.

முல்லைத்தீவுக் கரையில மாமி வீட்டுக் கடுவன் ஒண்டு, கரைவலை இழுக்கிற இடத்திலயே கிடந்து கழிவு மீன் திண்டு கொழுத்துப்போய் இருந்தது. நான் போன நேரம் அது சாப்பாட்டுக்கு வரேல்லை. தலை முன்னுக்கு விழுந்து நாடி நெஞ்சில ஒட்டின மாதிரி இருந்தது, வெயிலிலயும் கண்மணி ரெண்டும் பெரிசா விரிஞ்சு கறுப்பாக் கிடந்தது, எழும்பி ரெண்டடி வைக்கப் பக்கவாட்டில சரிஞ்சுது, உதடு இடையிடையே இழுத்தது. மாமி செய்வினை எண்டு நூல் கட்டி வைச்சிருந்தா. தலை குனிஞ்சு நிமித்த ஏலாமப் போறது பி1 குறைவின்ர முக்கிய அடையாளம் எண்டு நான் அறிஞ்சிருந்ததால அண்டைக்கே கொண்டுபோனம். பி1 ஊசி போட்டு அடுத்த நாள் தலை நிமிந்திட்டுது. ஒரு கிழமையில திரும்ப மதில் ஏறினது. பூனையின்ர நரம்பு வருத்தங்களில இவ்வளவு மலிவா, இவ்வளவு கெதியா மாத்தக்கூடியது குறைவு, ஆனா பிந்தினால் வலிப்பு, மயக்கம், சாவு. பொட்டாசியம் குறைஞ்சாலும் தலை தொங்கும், அதால வைத்தியர் பாக்கத்தான் வேணும்.

மீனை நிப்பாட்டச் சொல்லேல்லை. அவிச்சுக் குடுங்கோ, அவிச்சால் அந்த நொதியம் செத்துப்போகும். உப்பு, வெங்காயம், உள்ளி போடாமல். கிழமைக்கு ஒண்டு ரெண்டு நாள் மீனுக்குப் பதிலா கோழி, கொஞ்சம் ஈரல், அவிச்ச முட்டை.

மீனில பாதரசம் இருந்து பூனைக்குப் பைத்தியம் பிடிக்கும் எண்டு சொல்லினமே?

அது ஜப்பானில மினமாட்டா எண்ட இடத்தில நடந்தது. ஒரு இரசாயனத் தொழிற்சாலை கடலுக்குள்ள விட்ட கழிவில மெதில் பாதரசம், அது மீனில ஏறி, மீன் திண்ட பூனையள் 1950களில ஆடி ஆடிச் சுழண்டு விழுந்து செத்தது. 1956 இல மனிசரிலயும் அதே வருத்தம் எண்டு வெளியில வந்தது. ஊரில ஒரே நேரத்தில கன பூனைக்கு ஒரே மாதிரி வந்தால் அதை அலட்சியம் பண்ணக்கூடாது எண்டு நான் சொல்லுறதுக்கு இதுதான் காரணம். பூனை நிலத்தோடயும் தண்ணியோடயும் கிட்ட நிண்டு வாழுறது, நஞ்சு முதல் அதுக்குத்தான் படும்.

ஒரு பக்க வாய் மட்டும் தொங்கி, கண்ணை மூட ஏலாம இருக்கு. பக்கவாதமோ?

முகத்து நரம்பு நடுக்காதை ஒட்டித்தான் போகுது. அதால காதுக்குள்ள சீழ் பிடிச்சால் அந்தப் பக்க முகம் முதல் துடிச்சு பேந்து தொய்ஞ்சு போகலாம், சாப்பாடு அந்தப் பக்கத்தால விழும், தலை ஒரு பக்கம் சரியும். காதைத் திருப்பிப் பாருங்கோ. கோப்பித்தூள் மாதிரிக் கறுப்பு ஊத்தை எண்டால் காதுச் செள், மணத்தோட சீழ் எண்டால் உள்ளுக்குப் புண். தேங்காயெண்ணை காய்ச்சி ஊத்தாதேங்கோ, சவ்வு ஓட்டையா இருந்தால் உள்ளுக்குப் போய் கேடு செய்யும். கண் மூடாட்டி அது காயும், வைத்தியர் தாற கண்மருந்தை நேரத்துக்கு விட்டால்தான் கண் தப்பும்.

ரெண்டு கண்மடலும் தொங்கி, உடம்பு துவண்டு, காலமை எழும்ப ஏலாமக் கிடந்தால் பாம்பையும் யோசியுங்கோ. நாகம், கட்டுவிரியன் கடிச்ச இடம் மயிருக்குள்ள தெரியாது. பார்வை பாக்கக் கூட்டிக்கொண்டு போற நேரத்தில ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்.

முகம் துடிச்சு வீணி வடிஞ்சால் விசர் (றேபிஸ்) எண்டு அடிச்சுக் கொல்லச் சொல்லினம். எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

பாத்த மாத்திரத்தில ஒருத்தராலும் கண்டுபிடிக்க ஏலாது, அதால பயப்பிடவும் வேணும், அவசரப்பட்டுக் கொல்லவும் கூடாது. விசர் பிடிச்ச பூனைக்குக் குணம் மாறும். சாதுவான பூனை ஆளில பாய்ஞ்சு விடாமக் கடிக்கும், இல்லாட்டி இருட்டுக்குள்ள போய் ஒளிக்கும், குரல் மாறும், விழுங்க ஏலாம வீணி ஒழுகும், பின்னங்கால் விழும், அடையாளம் தொடங்கிப் பத்து நாளுக்குள்ள செத்துப்போகும். ஒரு மாசமா இடைக்கிடை உதடு துடிச்சு, இடையில நல்லாச் சாப்பிட்டு விளையாடுற பூனைக்கு இருக்கிறது விசர் இல்லை.

எங்கட பக்கம் நாய் மட்டுமில்லை, நரி, கீரியும் கடிக்கும். ஊசி போடாத பூனை, இரவில காட்டுக் கரையால திரியிறது, திடீரெண்டு குணம் மாறினால் கைபோடாதேங்கோ, அறைக்குள்ள விட்டுக் கதவைச் சாத்தி மிருக வைத்தியர் அலுவலகத்துக்கு அறிவியுங்கோ.

கடி, நகக்கீறல், அதின்ர வீணி புண்ணில பட்டது, எதெண்டாலும் சவுக்காரம் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிசம் கழுவிப்போட்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ. ஊசி இலவசம். சின்னக் கீறல்தானே எண்டு வீட்டில இருக்காதேங்கோ, விசர் தொடங்கின பிறகு மனிசருக்கு வைத்தியம் இல்லை. செத்த பூனையைச் சோதிக்கவேண்டி வந்தால் தலையைக் கொழும்பு பொறளையில இருக்கிற மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்துக்கு அனுப்புறவை, அதால உடன புதைக்கவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம், முதல் கேளுங்கோ. பூனைக்கும் விசர் ஊசி வருசா வருசம் போடலாம். நாய்க்குப் போடக் கூட்டிக்கொண்டு போற நாளில பூனையையும் ஒரு பையில கொண்டுபோங்கோ.

குட்டி போட்டு ரெண்டு மூண்டு கிழமை, தாய்க்கு முகம் துடிச்சு உடம்பு விறைக்குது?

பாலில கல்சியம் போய் இரத்தத்தில குறைஞ்சிருக்கும். வாயைத் திறந்து இளைக்கும், நடை குச்சி மாதிரி இருக்கும். அவசரம். குட்டியளைப் பிரிச்சு வையுங்கோ, வைத்தியர் கல்சியத்தை மெல்ல மெல்ல இரத்த நாளத்தில ஏத்துவார். வீட்டில குளிசை கரைச்சுப் பருக்கி நேரத்தைப் போக்காதேங்கோ.

முதுகுத் தோல் அலை மாதிரி ஓடுது, வாலைத் திரும்பிக் கடிக்குது?

தெள்ளை முதல் பாருங்கோ. தெள்ளும் புண்ணும் இல்லாமலும் அப்பிடி ஓடினால் தோல் உணர்ச்சி கூடின ஒரு நிலை எண்டு சொல்லினம், தொட்டால் கூடும். உயிராபத்து இல்லை, ஆனா வாலைக் கடிச்சுப் புண்ணாக்கும், காட்டத்தான் வேணும்.

வயசு போன பூனை, பத்துப் பன்ரெண்டு வயசு, இப்பதான் முதல்முதல் வலிப்பு?

வயசில தொடங்கினால் மூளைக்கு வெளியிலயும் தேடோணும். சிறுநீரகம், ஈரல், தைரொயிட், பிறசர். பூனைக்கும் பிறசர் வரும், கண் திடீரெண்டு தெரியாமப்போறது அதின்ர அடையாளம். மூளையில கட்டி வாறதும் இந்த வயசிலதான், எல்லாக் கட்டியும் புற்று இல்லை. சில கிழட்டுப் பூனையளுக்குச் சத்தத்தால வலிப்பு வரும், சொப்பிங் பை கசங்கிற சத்தம், கரண்டி பீங்கானில படுற சத்தம் கேட்ட உடன வெட்டி இழுக்கும். சத்தத்தைக் குறைச்சாலே பாதி குறையும், அதுக்கெண்டு மருந்தும் இருக்கு.

வயசு குறைஞ்ச பூனைக்குக் காய்ச்சல், மெலிவு, தள்ளாட்டம், வலிப்பு எல்லாம் சேர்ந்து வந்தால் எஃப்.ஐ.பி எண்ட கொரோனாக் குடும்பத்து வருத்தத்தையும் கேளுங்கோ. முந்தி அது வந்தால் சாவுதான். இப்ப ஜீ.எஸ் 441524 எண்ட மருந்தால கன பூனை தப்புது, விலை கூட, கிழமைக்கணக்கில குடுக்கோணும்.

எங்க கொண்டுபோறது? மாட்டு டொக்டர் பூனையைப் பாப்பாரோ?

பாப்பார். அரச மிருக வைத்தியர் அலுவலகத்தில இருக்கிறவர் மாடு ஆடு மட்டும் படிச்சு வரேல்லை. வெளிக்களத்துக்குப் போற நாளில ஆள் இராது, போன் பண்ணிக்கொண்டு போங்கோ. வன்னிக்குள்ள பூனைக்கு எம்.ஆர்.ஐ எடுக்க வழியில்லை, ஆனா அது இல்லாமலே இரத்தம் சோதிச்சு, கண்ணையும் காதையும் பாத்து நிறையக் காரணத்தைப் பிடிக்கலாம். இன்னும் தேடவேண்டி வந்தால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின்ர மிருக வைத்திய போதனா ஆஸ்பத்திரி, ஏ9 ரோட்டாலயே கண்டி மட்டும் போகோணும்.

ஒரு கொப்பியில திகதி, நேரம், எத்தினை நிமிசம், எந்தப் பக்கம், முதல் நாள் என்ன சாப்பிட்டது, வீட்டிலயோ பக்கத்து வளவிலயோ என்ன மருந்தடிச்சது எண்டு எழுதிக்கொண்டு போங்கோ. சீனிக்கு நான் தெள்ளு மருந்தை முதல் சொல்லேல்லை, அது சம்பந்தம் எண்டு தெரியாது. வைத்தியர் கழுத்து மயிரை விலத்திப் பாத்து, எண்ணைப்பசை கண்டு கேட்ட பிறகுதான் சொன்னனான். அதுக்குள்ள இருவது நிமிசம் போயிட்டுது.

வலிப்புக் குளிசை தந்தவை. வாழ்நாள் முழுக்கக் குடுக்கோணுமோ? எங்கட ஆக்களின்ர குளிசையைக் குடுக்கலாமோ?

காரணத்தைப் பொறுத்தது. நஞ்சு, பி1, கல்சியம் எண்டால் காரணம் போக வலிப்பும் போகும். காரணம் தெரியாத வலிப்பு எண்டால் நீண்ட காலம். பெரும்பாலும் பீனோபாபிற்றோன் தருவினம், நாளுக்கு ரெண்டு நேரம், இரத்தத்தில ஒரு நிலைக்கு வர ரெண்டு கிழமை செல்லும், அதுக்குள்ள வேலை செய்யேல்லை எண்டு விடாதேங்கோ. முதல் நாட்களில தள்ளாடும், பசி கூடும், பேந்து பழகும். வலிப்பு நிண்டிட்டுது எண்டு ஒரேயடியா நிப்பாட்டினால் முந்தினதை விட மோசமாத் திரும்பி வரும். லெவெடிரசெற்றம் தந்தால் வழக்கமா எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, வயல் வேலைக்குப் போற வீட்டுக்கு அது கஷ்டம், அதை வைத்தியரிட்ட முதலே சொல்லுங்கோ.

வீட்டில இருக்கிற மனிசர் குளிசையில கை வைக்காதேங்கோ. பனடோல் அரைக் குளிசையே ஒரு பூனையைக் கொல்லும், முரசு மண்ணிறமாகி மூச்சு முட்டும். டயஸிபாம் ஊசியை அவசரத்துக்கு வைத்தியர் போடுறது சரி, ஆனா குளிசையா நாளும் குடுத்தால் சில பூனைக்கு ஈரலே போயிடும். நாய்க்குக் குடுக்கிற பொட்டாசியம் புரோமைட் பூனையின்ர நுரையீரலைப் பழுதாக்கும்.

ஒரு குட்டி மட்டும் பிறந்ததில இருந்து தலை ஆடுது, நடக்கேக்க விழுது. தாயும் ஒதுக்குது, கொண்டுபோய் விடச் சொல்லினம்.

விடாதேங்கோ. தாய் வயித்தில குட்டி இருக்கேக்க பன்லூக்கோபீனியா வைரஸ் தொற்றினால் குட்டியின்ர சிறுமூளை வடிவா வளராது. எங்கட ஊரில தாய்ப் பூனைக்கு ஒருத்தரும் தடுப்பூசி போடுறேல்லை, அதால இப்பிடிக் குட்டியள் நிறையப் பிறக்குது. சும்மா படுத்திருக்கேக்க தலை ஆடாது, சாப்பாட்டை நோக்கிக் குனியேக்கதான் ஆடும், காலை அகட்டி, உயத்தி உயத்தி வைச்சு நடக்கும். இது வலிப்பில்லை, நோகாது, மற்றப் பூனைக்குத் தொத்தாது, வயசு போகப் போகக் கூடவும் மாட்டுது. மற்றப் பூனை வாழுற அளவு அதுவும் வாழும். கிணத்துக்கு மூடி போடுங்கோ, வெளியில தனிய விடாதேங்கோ.

எங்கட வீட்டில இப்ப அப்பிடி ஒண்டு இருக்கு, சீனியோடதான் படுக்குது. முதல் பிளாஸ்டிக் தட்டில சாப்பாடு வைச்சன், மூக்கால தள்ளித் தள்ளி அறை முழுக்கத் தட்டோட போச்சுது. பேந்து அம்மம்மா மண் சட்டி மூடி ஒண்டைத் திருப்பி வைச்சா, பாரமானது, விளிம்பு உயரம், அசையாது. தலை நாலைஞ்சு தரம் அங்கால இங்கால ஆடி, நாடியை விளிம்பில ஊண்டின உடன ஆட்டம் நிண்டிடும். பேந்து முடியிற மட்டும் நிமிராமச் சாப்பிடும்.